டொனால்ட் கரியை ஒரே தோல்வியால் எடை போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் எண்பதுகளின் குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி எழுத ஆரம்பித்ததிலிருந்து வாசகர் கடிதப் பகுதி சூடு பிடித்திருக்கிறது. பெங்களூரில் தமிழ்ப் பேப்பர் வாங்குகிறவர்களில் இத்தனை பேருக்கு பாக்ஸிங் பைத்தியம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. போன வாரம் சிவாஜி நகர் வாசகர் ஒருவர் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் டொனால்ட் கரியைப் பிடித்து விளாசியிருந்தார். அமெரிக்கப் பத்திரிகைகள் ஊதிவிட்ட பலூனாம், லாயிட் ஹனிகன் வந்து ஊசி குத்தியதும் வெடித்துவிட்டதாம். படிக்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் வாதம் 1986 செப்டம்பரில்தான் ஆரம்பிக்கிறது, அதற்கு முன்னால் நாலு வருஷம் இருக்கிறதே, அதை யார் பேசுவது?

அவர் சொன்னதில் சரியானதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1986 செப்டம்பர் 27, அட்லான்டிக் சிட்டி. கரி அதுவரை 25 சண்டை போட்டு 25-லும் ஜெயித்தவர், வெல்டர்வெயிட் என்கிற எடைப் பிரிவின் மூன்று உலகப் பட்ட பெல்ட்டும் அவரிடம். ஹனிகன் ஜமைக்காவில் பிறந்த லண்டன்காரர், அமெரிக்காவில் அவரைச் சீந்த ஆளில்லை. இரண்டாவது ரவுண்டிலேயே ஒரு வலது கைக் குத்தில் கரியின் கால் ஆடிவிட்டது. ஆறாவது ரவுண்டு முடிந்து, கண்ணுக்கு மேல் கிழிந்து ரத்தம் வழிய ஸ்டூலில் உட்கார்ந்தவர் மறுபடி எழுந்து வரவில்லை. இதில் குருட்டு அதிர்ஷ்டம் ஒன்றும் கிடையாது, அன்றைக்கு ஹனிகன் கை எல்லா விதத்திலும் ஓங்கியிருந்தது. (ஹனிகன் மீது எனக்குத் தனி மரியாதையே உண்டு. அடுத்து தென்னாப்பிரிக்க வீரர் ஒருவரோடு மோத வேண்டும் என்றபோது, நிறவெறி ஆட்சி நடக்கிற நாட்டுக்காரரோடு ஆட மாட்டேன் என்று உலகப் பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.ஏ.வின் பெல்ட்டை லண்டனில் குப்பைத் தொட்டியில் போட்டவர்.)

சரி, நண்பர் விட்டுவிட்ட விஷயத்துக்கு வருவோம். மார்லன் ஸ்டார்லிங். அவர் கடிதத்தில் இந்தப் பெயரே இல்லை. கரியைப் பற்றிப் பேசுகிற முக்கால்வாசிப் பேர் மில்டன் மெக்ரோரியை இரண்டாவது ரவுண்டில் சாய்த்ததைத்தான் பேசுவார்கள், என்னைக் கேட்டால் கரி எப்பேர்ப்பட்ட ஆள் என்பதற்கு அத்தாட்சி ஸ்டார்லிங்தான். 1982 அக்டோபரில் இருவரும் மோதியபோது ஸ்டார்லிங்கும் தோல்வியே காணாதவர். 12 ரவுண்டு நடந்தது, நடுவர்களில் ஒருவர் ஸ்டார்லிங் பக்கம், இருவர் கரி பக்கம். 1984 பிப்ரவரியில் மறுபடி மோதினார்கள், இந்த முறை உலகப் பட்டத்துக்காக, 15 ரவுண்டு, மூன்று நடுவர்களும் கரிக்கே கொடுத்தார்கள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, வருகிற குத்தெல்லாம் கையுறையிலேயே விழும்படி நிற்கிறவர் ஸ்டார்லிங். அவரிடம் பாயின்ட் சேர்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

அப்புறம் அந்த ஸ்டார்லிங் என்ன ஆனார்? ஒலிம்பிக் தங்கம் வாங்கிய மார்க் பிரீலாண்டை 1987-ல் 11-வது ரவுண்டில் முடித்து டபிள்யூ.பி.ஏ. பட்டத்தை எடுத்தார். 1989 பிப்ரவரியில் லாஸ் வேகஸில் யாரை அடித்து, இன்னொரு அமைப்பான டபிள்யூ.பி.சி.யின் பட்டத்தை எடுத்தார் தெரியுமா? இதே ஹனிகனை! ஒன்பதாவது ரவுண்டில் சண்டையை நிறுத்த வேண்டியதாயிற்று. இவர் அவரை ஜெயித்தார், அவர் மூன்றாமவரை ஜெயித்தார் என்கிற கணக்கு குத்துச்சண்டையில் அப்படியே செல்லாது, அது எனக்கும் தெரியும். ஆனால் ஹனிகன் ஒருவரை வைத்தே கரியைக் கழித்துக்கட்டுகிறவர், ஹனிகனை அடித்தவரை கரி இரண்டு தரம் ஜெயித்திருக்கிறார் என்பதையும் எழுதியிருக்க வேண்டாமா?

மெக்ரோரி சண்டையையும் சும்மா தள்ளிவிட முடியாது. 1985 டிசம்பர் 6, லாஸ் வேகஸ். டெட்ராய்ட்டின் கிராங்க் ஜிம்மில் இமானுவேல் ஸ்டீவர்ட் உருவாக்கிய நெட்டையான ஆள் மெக்ரோரி, ஒரே ஒரு டிரா தவிர மற்றதெல்லாம் வெற்றி. இரண்டாவது ரவுண்டில் அவர் கையை நீட்டிய மாத்திரத்தில் கரியின் இடது ஹூக் (கையை மடித்துப் பக்கவாட்டிலிருந்து விடும் குத்து) விழுந்தது. அந்தக் குத்தின் நீளத்தைப் பார்க்க வேண்டும். முழங்கை மடிந்தது மடிந்தபடி, தோள் மட்டும் திரும்புகிறது, கை ஒரு முழம்கூடப் போயிருக்காது. மெக்ரோரி விழுந்தார், எழுந்தார், கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அடுத்து ஒரு வலது, முடிந்தது. கரியிடம் எனக்குப் பிடித்ததே இந்தச் சிக்கனம்தான். டான்ஸ் கிடையாது, கையைச் சுழற்றிப் படம் காட்டுவது கிடையாது, இரண்டு கையும் கன்னத்தோரம், தாடை உள்ளே, எதிராளி அடித்து முடிக்கிற அந்தக் கணத்தில் பதில். மெக்ரோரி இரண்டு சண்டையில் 24 ரவுண்டு மல்லுக்கட்டிய வேல்ஸ்காரர் காலின் ஜோன்ஸை, அதே 1985 ஜனவரியில் பர்மிங்ஹாமுக்கே போய் நாலாவது ரவுண்டில் முடித்தவர் கரி. அந்த வருஷத்தின் சிறந்த வீரர் என்ற கௌரவத்தை 'தி ரிங்' பத்திரிகை மார்வின் ஹேக்லருக்கும் கரிக்கும் சேர்த்துக் கொடுத்தது. ஹேர்ன்ஸை மூன்றே ரவுண்டில் ஹேக்லர் முடித்த வருஷம் அது. அவருக்குப் பக்கத்தில் வைத்தார்கள் என்றால் சும்மாவா?

அப்படிப்பட்டவர் ஹனிகனிடம் ஏன் அப்படி நின்றார்? எடைதான். வெல்டர்வெயிட் வரம்பு 147 பவுண்டு, நம் கணக்கில் 66.7 கிலோ. 25 வயதில் கரியின் உடம்பு அதைத் தாண்டிவிட்டது. 1985-லேயே மேலே 154 பவுண்டுப் பிரிவில் ஆடிப் பார்த்தவர், மூன்று பெல்ட்டையும் விட்டுவிட்டுப் போக மனசில்லாமல் கீழேயே தங்கினார். எடையைக் குறைப்பது என்றால் என்ன என்று பார்க்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. அல்சூரில் ராணுவத்தின் எம்.இ.ஜி. சென்டருக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான், குத்துச்சண்டைப் போட்டிக்கு முன்னால் பையன்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருப் பையன் ஒருவன் ஏப்ரல் வெயிலில் ஸ்வெட்டருக்கு மேல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஏரியைச் சுற்றி ஓடுவான், வீட்டுக்கு வந்தால் தண்ணீரைக் குடிக்காமல் கொப்பளித்துத் துப்புவான், அவன் அம்மா சோற்றுத் தட்டோடு வாசலில் நின்று கெஞ்சுவார். எடை இறங்கிவிடும். ரிங்கில் முதல் ரவுண்டு நன்றாகவே ஆடுவான், இரண்டாவதில் கண் பார்க்கும், கை போகாது. கரி-ஹனிகன் சண்டையை யூடியூபில் போட்டுப் பாருங்கள், அதேதான். குத்து வருவது அவருக்குத் தெரிகிறது, விலக உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஹனிகன் வெற்றி இதனால் குறைந்துவிடாது, எடைக்கு வருவதும் இந்தத் தொழிலில் ஒரு பங்குதான். ஆனால் நாம் பேசுவது உச்சத்தில் எப்படி இருந்தார் என்பதை. அட்லான்டிக் சிட்டியில் நின்றது அந்தக் கரி இல்லை.

பிறகு நடந்தவை தெரிந்ததுதான். 1987-ல் மைக் மெக்கல்லமோடு நாலு ரவுண்டு நன்றாக ஆடிவிட்டு ஐந்தாவதில் ஒரே ஒரு இடது ஹூக்கில் மல்லாந்தார். 1988-ல் இத்தாலியில் ரோஸியிடமிருந்து 154 பவுண்டுப் பட்டத்தைப் பிடித்து, அடுத்த வருஷமே ஃபிரான்ஸில் ரெனே ஜாக்கோவிடம் பறிகொடுத்தார். மைக்கேல் நன், டெரி நாரிஸ் இருவரிடமும் தோற்ற சண்டைகளைப் போட்டுப் பார்க்க எனக்கு மனசு வருவதில்லை. நண்பர் இதையெல்லாம் வரிசையாக அடுக்கியிருக்கிறார். அடுக்கட்டும்.

அதற்காக, கரிக்கு முன்னால் வெல்டர்வெயிட் சாம்பியனாக இருந்த ரே லெனர்டையே கரி தூக்கிச் சாப்பிட்டிருப்பார் என்று அதே பக்கத்தில் கே.ஆர்.புரம் வாசகர் எழுதியதற்கும் நான் தலையாட்ட முடியாது. விழித்திரைக் கோளாறால் 1982 நவம்பரில் லெனர்ட் ஓய்வு அறிவித்ததால்தான் சாம்பியன் இடம் காலியானது. 1983 பிப்ரவரியில் கரி தன் சொந்த ஊரான ஃபோர்ட் வொர்த்தில் தென்கொரியாவின் ஹ்வாங் ஜுன் சுக்கை ஜெயித்து அதில் உட்கார்ந்தார். எதிராளி அடிக்கட்டும் என்று காத்திருக்கிறவர் கரி, லெனர்ட் காத்திருக்கவே விடமாட்டார். ஹேர்ன்ஸின் நீளக் கைக்கும் அவரிடம் பதில் இருந்திருக்காது. 1980-ல் மான்ட்ரியலில் லெனர்டை ஜெயித்த ரொபெர்ட்டோ டுரானிடமும் தோற்றிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் லெனர்டுக்கு முந்தைய சாம்பியன் பெனிடெஸ் என்றால் நான் கரி மேல்தான் பந்தயம் கட்டுவேன், 15 ரவுண்டு, பாயின்டில். 1983 முதல் 1985 முடிய, அந்த எடையில் ஆடிக்கொண்டிருந்தவர்களில் அவரை ஜெயிக்க ஆளில்லை. ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்க்க 2019 வரை இழுத்தடித்தது அநியாயம்.

கடைசியாக ஒரு திருத்தம். போன வாரக் கடிதத்தோடு நீங்கள் போட்டிருந்த படம் டொனால்ட் கரி இல்லை, அவர் அண்ணன் புரூஸ் கரி. அவரும் 1983-ல் டபிள்யூ.பி.சி. சூப்பர் லைட்வெயிட் (வெல்டர்வெயிட்டுக்கு ஒரு படி கீழே) சாம்பியன்தான், அண்ணன் தம்பி இருவரும் ஒரே நேரத்தில் உலக சாம்பியன்கள். அடுத்த ஞாயிறு தம்பி படத்தைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
அல்சூர் வாசகர் ஒருவர், பெங்களூரு