சேகருக்கு, சிங்கப்பூரிலிருந்து

சேகர்,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதேடா. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். செல்வம் அண்ணன் இன்னும் அந்த மஞ்சள் சட்டையை விடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பல்கலைக்கழகத்தில் நாட்டு இறையாண்மை, எல்லை பற்றிய ஒரு பொது உரைக்குப் போயிருந்தேன். பேச்சு, சிங்கப்பூரும் மலேசியாவும் உரிமை கேட்டு மோதிய குட்டித் தீவான பெத்ரா பிராங்காவுக்குப் போய்விட்டது. (மலேசியாவில் சொல்கிற மாதிரி பத்து பூத்தே என்றால்தான் நீ திரும்பிப் பார்ப்பாய், தெரியும்.) 2008 மே மாதம் அனைத்துலக நீதிமன்றம் 12க்கு 4 என்று அதைச் சிங்கப்பூருக்கும், பக்கத்திலுள்ள மிடில் ராக்ஸ் பாறைகளை உங்கள் மலேசியாவுக்கும் கொடுத்தபோது நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? தீர்ப்பு எந்த வழியில் போனது என்பதை இப்போதுதான் முழுசாகக் கேட்டேன். ஆதியில் உரிமை உங்கள் ஜொகூர் சுல்தானுடையது என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்தக் கடலில் வாழ்ந்த ஓராங் லாவுட் மக்கள் அவருக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள் என்பது அதற்கு வலு சேர்த்த ஆதாரம். அப்புறம், அந்தத் தீவுக்கு ஜொகூர் உரிமை கோரவில்லை என்று 1953இல் அங்கிருந்து போன கடிதம், சிங்கப்பூர் அந்தப் பக்கத்துக் கப்பல் விபத்துகளை விசாரித்தது, மலேசியா பல வருஷம் மறுப்புச் சொல்லாதது எல்லாம் சேர்ந்து 1980க்குள் உரிமை கைமாறிவிட்டதாம்.

அங்கேதான் எனக்கு மனசு பொறுக்கவில்லை. யாருக்குச் சொந்தம் என்று நிரூபிக்க அந்த மக்கள் வேண்டும், ஆனால் தீர்ப்புக்குப் பிறகு அந்தத் தண்ணீரில் யார் வலை போடலாம் என்று அரங்கில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டவை எல்லாம் கெட்டிக்காரக் கேள்விகள்தான்: ஆகாய எல்லை, கடல் எல்லை, 2017இல் மலேசியா மறுஆய்வு கேட்டு அடுத்த வருஷமே மீட்டுக்கொண்டது. நான் கை தூக்குவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. கச்சத்தீவை நினைத்துப் பார். 1974இல் டில்லியும் கொழும்பும் கையெழுத்துப் போட்டார்கள், இன்றைக்கும் படகையும் வலையையும் இழந்து நிற்பது ராமேஸ்வரத்துக்காரன். எல்லையைப் பற்றிப் பேசும் மேடையில் அந்த எல்லையில் பிழைக்கிற ஒருவருக்காவது நாற்காலி போட வேண்டும், வழக்கறிஞர்கள் மட்டும் பேசினால் அது பாதிப் பேச்சு.

ஏற்பாட்டாளர்களுக்கு இதை எழுதப் போகிறேன். வெறும் புகாராக இருக்கக்கூடாது. ஜொகூர் கரையில் சுங்கை ரெங்கிட்டில் மீன்பிடிக்கிற உன் கூட்டாளி அஸ்மானிடம் கேள், இங்கே வந்து பேசச் சம்மதிப்பாரா? மலாயிலேயே பேசட்டும், மொழிபெயர்க்க ஆள் பிடிப்பது என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் போடு.

கண்ணன்