தரகர் யாருடைய ஆள்?

ஆசிரியருக்கு,

வீடு வாங்குவோருக்கு யோசனை சொன்ன தங்கள் கட்டுரையில் ஒரு கேள்வி விடுபட்டுவிட்டது: தரகர் யாருக்காக வேலை செய்கிறார்? விற்பவரின் முகவர், அவருக்கு நல்ல விலை வாங்கித் தரக் கடமைப்பட்டவர். வாங்குபவரிடம் பொய் சொல்லக் கூடாது; ஆனால் அவருக்காகப் பேரம் பேசும் கடமை அவருக்குக் கிடையாது. இது தெரியாமல், வீடு காட்ட வந்தவரை நம் ஆள் என்று நினைத்து, 'இன்னும் கொஞ்சம் ஏற்றித் தரவும் தயார்' என்று உளறிவிட்டேன். அப்புறம் விலை இறங்கவே இல்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. தன் வேலையைத்தான் செய்தார்.

ஒருவரே இரு தரப்புக்கும் முகவரானால் சிக்கல் இன்னும் அதிகம். ஒருவரின் ரகசியம் மற்றவருக்கு ஆதாயம். சரி, இருவரும் எழுத்தில் சம்மதித்தால் இருக்கட்டும். ஆனால் முதல் வீட்டைக் காட்டும் முன்பே, தான் யாருடைய முகவர், கமிஷன் தருவது யார் என்பதைத் தரகர் எழுதித் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

- ஒரு வாசகர்