பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கனடாவிலிருந்து வந்த தம்பியின் பிள்ளைகளை காற்றடைத்த டியூபில் ஏற்றிப் படகின் பின்னால் இழுத்து விளையாட்டுக் காட்டவென்று எங்கள் வீட்டுக்கு முதல் படகு வாங்கினோம். பழைய பைபர் படகு, 18 அடி. பெயின்ட் பளபளத்தது, அதிலேயே மயங்கிவிட்டேன். எஞ்சின் மாட்டும் பின்பலகையை அயலிலுள்ள சம்மாட்டி (மீன்பிடிப் படகு முதலாளி) ஒருவர் சுத்தியல் பிடியால் தட்டினார். நடுவில் மட்டும் ‘பொத் பொத்’ என்றது. உள்ளே பலகை ஊறி உக்கிப்போயிருக்கிறதாம். விற்றவர் தொலைபேசியை எடுப்பதேயில்லை. சரி, திருத்தினோம்.

நந்திக்கடல் களப்பில் இழுக்கலாமென்றால் ஆழம் போதாது, புரொப்பெல்லர் சேற்றைக் கிண்டும். மீன்பிடித் தொழிலாளரின் வலைகளும் உண்டு. ஓட்டுபவர் எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றைக் கையில் மாட்டாமல் புறப்படவே கூடாது. அவர் விழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். அப்புறம், நான் ஏறி இறங்கிய கடைகளில் லைஃப் ஜாக்கெட் பெரியவர் அளவில்தான் இருந்தது. சிறுவர் அளவையும் எடுத்து விற்கக் கூடாதா?

– வாசகி, முள்ளியவளை