விரலை எடுக்கும் இடம்

தர்மபுரி
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணு,

புதன்கிழமை நீ போன் பண்ணியபோது நான் நாலு ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். சேலம் பஸ் ஒரு பக்கம், கிருஷ்ணகிரி பஸ் ஒரு பக்கம் ஹார்ன் அடித்ததில் நீ சொன்னதில் பாதி காதில் விழவில்லை. விழுந்தது இவ்வளவுதான்: ஆபீசில் பேண்டு ஆரம்பிக்கிறார்கள், கிட்டாருக்கு ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிறார்கள், அதனால் உன்னை, கிட்டார் மாதிரியே இருந்து கீழ்ச் சுரங்களைப் போடுகிற பேஸ் கிட்டாரை வாசிக்கச் சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்லும்போது உன் குரல் கொஞ்சம் இறங்கியது. கடைசியில், "பெரிய பேஸ் கிட்டாரிஸ்ட்னா யாருப்பா? எதை வச்சு ஒருத்தரை அப்படிச் சொல்றாங்க?" என்று கேட்டாய். சாயங்காலம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். சாயங்காலமும் பேசவில்லை. இருபது வருஷம் அந்த வாத்தியத்தைத் தோளில் மாட்டியவனிடம் அவன் மகள் முதல்முறையாக அதைப் பற்றிக் கேட்கிறாள். போனில் ரெண்டு வார்த்தை சொல்லி முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

முதலில் அந்த இறங்கிய குரலுக்குப் பதில் சொல்கிறேன். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியும் கிட்டார் வாசிக்க வந்தவர்தான். 1961-ல் அவர்களுடைய பேஸ் ஆள் குழுவை விட்டுப் போனார். அந்த இடத்துக்கு வர வேறு யாருக்கும் விருப்பமில்லை, இவர் தலையில் விழுந்தது. அமெரிக்காவில் கேரல் கேய் என்ற அம்மா ஸ்டூடியோக்களில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் பேஸ் வாசிப்பவர் ரெக்கார்டிங்குக்கு வராமல் போக, இவர் கைக்கு அது வந்தது. அதற்கப்புறம் ஆயிரக்கணக்கான பதிவுகளில் வாசித்துவிட்டார். நம் ஊரில் "ஒத்து ஊதுறான்" என்று ஒருவனை மட்டம் தட்டிப் பேசுவார்கள். நாயனக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னத்தில் காற்றைத் தேக்கி, ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒத்துக்காரர் ஒரு நொடி தடுமாறினால் நாயனக்காரர் முகம் எப்படி மாறும் என்று பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள்.

எனக்கு பேஸ் எப்படி வந்தது என்று உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. பாலக்கோட்டில் நம் பழைய வீட்டில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. உள்ளங்கை அகல ஸ்பீக்கர். அதில் குரல் கேட்கும், தபேலா கேட்கும், வயலின் கேட்கும். பேஸ் என்று ஒன்று பாட்டில் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. 1983-ல் ஒருநாள் உன் பெரியப்பா அந்த ஸ்பீக்கரைக் கழற்றி, நீளமாக ஒயர் இழுத்து, உன் ஆயா தண்ணீர் வைக்கிற மண்பானையைக் காலி பண்ணி, அதன் வாய்மேல் வைத்தார். பிளே பட்டனை அழுத்தியதும் அடுப்படியில் இருந்த ஆயா எட்டிப் பார்த்தார். பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பானையின் வயிற்றில் கையை வைத்தேன். ஒவ்வொரு சுரமும் உள்ளங்கையில் வந்து தட்டியது. ஸ்பீக்கரின் முன்பக்கம் தள்ளுகிற காற்றும் பின்பக்கம் இழுக்கிற காற்றும் கலந்தால் கீழ்ச் சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும், பானை பின்பக்கத்தைப் பூட்டி வைக்கிறது, அதோடு தானும் சேர்ந்து முழங்குகிறது. இதெல்லாம் அப்புறம் மோட்டார் காயில் கட்டக் கற்றுக்கொண்ட கடையில் ஒருவர் சொல்லிப் புரிந்தது. அன்றைக்கு எனக்கு அது மந்திரம் மாதிரிதான் இருந்தது.

அந்த கேசட் ராஜா சாருடையது. மற்றவர்களுடைய பல பாட்டுகளில் பேஸ் தாளத்தோடு ஒட்டிக்கொண்டு ஆதார சுரத்தைப் போட்டபடி போகும். இளையராஜா பேஸுக்குத் தனியாக ஒரு மெட்டே எழுதுவார். பாடகர் மேலே ஏறினால் அது படி படியாக இறங்கி வரும். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் அது ரெண்டு வார்த்தை பேசிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அத்தனையையும் அவரே நொட்டேஷனாக எழுதிக் கொடுப்பவர். அவருடைய எத்தனையோ பாட்டுகளில் அதை விரலில் கொண்டுவந்தவர் சசிதரன். பேஸை மட்டும் முணுமுணுத்துக்கொண்டு போனாலும் அது என்ன பாட்டு என்று ஊர் கண்டுபிடித்துவிடும். வேறு எந்த ஊர் சினிமாப் பாட்டுக்கு இப்படிச் சொல்லலாம் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் காயில் கட்டிச் சேர்த்த பணத்தில் பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் ஒரு பேஸ் வாங்கினேன். இங்கே ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன். அந்தக் குழுவில் எனக்கு முன்னால் வாசித்த அண்ணன் ஒருவர், சேலத்துக்காரர், ஒத்திகைக்கு வந்திருந்தார். நான் ஒரு சுரம் பிசகாமல் வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டவர், "எல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. ஆனா பாட்டு நடக்க மாட்டேங்குது. நீ விரலை எங்க எடுக்கற?" என்றார்.

எனக்குக் கேள்வியே புரியவில்லை. எங்கே அடிப்பது என்று மட்டும்தான் அதுவரை யோசித்திருந்தேன். அவர் டிரம்காரரிடம் கிக்கும் (காலால் மிதிக்கிற பெரிய டிரம்) ஸ்நேரும் (குச்சியால் அடிக்கிற, பளிச்சென்று கேட்கும் சின்ன டிரம்) மட்டும் போடச் சொன்னார். என்னிடம் ஒரே ஒரு சுரம். கிக் விழும்போது அடி, ஸ்நேர் விழும் நொடியில் நிறுத்து என்றார். விரலை முழுசாகத் தூக்கக் கூடாது. ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டில், கொடுத்த அழுத்தத்தை மட்டும் விடணும், விரல் கம்பியைத் தொட்டபடியே இருக்கணும், சத்தம் அந்த இடத்திலேயே அடங்கிவிடும். பத்து நிமிஷம் அதை மட்டும் செய்தோம். நான் விட்ட இடத்தில் ஸ்நேர் பளிச்சென்று விழ ஆரம்பித்தது. அப்புறம் அதே பாட்டை எடுத்தோம். சுரமும் வேகமும் அதேதான். பாட்டு எழுந்து நடந்தது.

அதனால் உன் கேள்விக்கு என் பதில் இதுதான் கண்ணு. எந்த நாட்டு இசையாக இருந்தாலும் நான் ஒருவரை பெரிய ஆள் என்று சொல்வது அவர் சுரத்தை எங்கே முடிக்கிறார் என்பதை வைத்துத்தான். வேகம், எத்தனை விரல், எத்தனை கம்பி எல்லாம் எனக்கு அப்புறம்தான்.

ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒருவர். 1960-களில் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து மோடவுன் ரெக்கார்டு கம்பெனியின் ஹிட் பாட்டுகளில் எக்கச்சக்கமாக வாசித்தவர். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டுவார். கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். பழைய கம்பி, கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜின் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஃபோம். அதனால் அவர் சுரம் நீண்டு இழுக்காது. தும் என்று எழுந்து தானே அடங்கும். அவ்வளவு நெருக்கமாக வாசித்தும் பாடுகிறவர்மேல் ஒரு சுரம்கூட மோதாததற்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். ஹெட்போனில் கேள். அடுத்த சுரத்துக்கு முன்னால் நூலளவு இடைவெளி இருக்கும். உலகமே அந்தப் பாட்டுக்கு ஆடியது, ரெக்கார்டு உறையில் பல வருஷம் அவர் பெயர் இல்லை. 1971-ல் மார்வின் கே என்ற பாடகரின் ஆல்பம் ஒன்றில்தான் பெயரைப் போட்டார்கள். 1983-ல் 47 வயதில் போய்விட்டார். நான் பானைமேல் கை வைத்த அதே வருஷம். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ போல இருக்கும்.

ஜமைக்கா நாட்டு ரெகே இசையில் பல பாட்டுகளில் முதல் அடியை டிரம் காலியாக விட்டுவிடும். பாப் மார்லிக்கு வாசித்த ஆஸ்டன் பாரெட் அந்தக் காலி இடத்தைச் சுற்றியே கனமாக நடப்பார், நிரப்ப அவசரப்படமாட்டார். ஏசி டிசி என்ற ராக் குழுவில் 1977-ல் சேர்ந்த கிளிஃப் வில்லியம்ஸ் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் போடுவார். ஆனால் ஒவ்வொன்றின் நீளமும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். இதைச் சாதாரணம் என்று சொல்கிறவர்களை நாலு நிமிஷம் அப்படி வாசித்துக் காட்டச் சொல்லணும்.

நீ யூடியூபில் பார்க்கிற ஸ்லாப் இருக்கிறதே, அது லாரி கிரஹாம் கொண்டுவந்தது. அம்மாவோடு சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தபோது டிரம்மர் இல்லாமல் போனது. கிக் இருக்கவேண்டிய இடத்தில் கட்டைவிரலால் கம்பியைக் குத்தினார், ஸ்நேர் இடத்தில் கம்பியை இழுத்துச் சுண்டினார். இல்லாத டிரம்மை விரலில் கொண்டுவரப் பார்த்திருக்கிறார். அதை நினைவில் வைத்துக்கொண்டு கற்றுக்கொள்.

ஜாக்கோ பாஸ்டோரியஸை உன் நண்பர்கள் கட்டாயம் சொல்வார்கள். ஃப்ரெட் இல்லாத பேஸில் வாசித்தவர், 1976-ல் தன் பெயரில் ஆல்பம் போட்டவர், 35 வயதில் இறந்தவர். வயலினில் கமகம் கேட்டு வளர்ந்த நம் காதுக்கு அந்த இழைவு உடனே பிடித்துப்போகும். இருந்தாலும் அவரிடமிருந்து ஆரம்பிக்காதே. அவர் வேகத்தைப் பிடிக்கப் போய் தாளத்தைத் தொலைத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஜோனி மிட்செல் என்ற பாடகி பாடும்போது இவர் பின்னால் வாசித்திருக்கிறார், முதலில் அதைக் கேள். ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் பிடித்து, எந்த இடத்தில் கரைய விடுகிறார் என்று பார். நம் பக்கத்தில் ரஹ்மானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸைக் கேள். மோகினி டேவையும் கேள். 1996-ல் மும்பையில் பிறந்த பெண், அவர் அப்பாவும் பேஸ் வாசிப்பவர், குழந்தையிலேயே அப்பாதான் கற்றுக்கொடுத்தார். உன் சின்ன வயதில் இது எனக்குத் தோன்றாமல் போனதே என்று அந்தப் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன்.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் மாரியம்மன் திருவிழா. மைக்செட்காரரிடம் பாக்ஸ் ஸ்பீக்கர் போதவில்லை, ஊரைச் சுற்றிக் கூம்பு ஸ்பீக்கராகக் கட்டியிருந்தார். கூம்பில் பேஸ் வராது, உதறும். நாலாவது பாட்டில் என் ஒயரை அவரே பிடுங்கிவிட்டார். நான் சும்மா விரலை ஆட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, "என்னப்பா, பாட்டு அந்தரத்துல நிக்கற மாதிரி இருக்கு?" என்றார். பேஸ் என்ற பெயரே அவர் கேள்விப்பட்டிருக்கமாட்டார். அந்தரத்தில் நிற்பது மட்டும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

2004-ல் எங்கள் குழுவில், கீபோர்டுக்காரரின் இடது கையே பேஸ் போட்டுவிடும், இனி நீங்கள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கீபோர்டில் சுரங்கள் சரியாகவே வந்தன. ஆனால் அந்த இடது கை அடுத்த கட்டைக்குப் போகும் அவசரத்தில் முந்தினதை எங்கேயோ விட்டது. அதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை, கொஞ்ச நாள் திருவிழாப் பக்கமே போகவில்லை. நான் ஏன் வாசிப்பதை நிறுத்தினேன் என்று நீ பத்தாவது படிக்கும்போது கேட்டாய். அன்றைக்கு, கடையில் வேலை ஜாஸ்தி என்றேன்.

சரி, நீ இப்போது செய்யவேண்டியது. டிரம்காரர் பக்கத்தில் நில், அவர் வலது கால் கண்ணில் படுகிற மாதிரி. முதல் மாதம் எந்தப் பாட்டானாலும் ஆதார சுரம் மட்டும் போடு, நீளத்தை மட்டும் மாற்றிப் பார். திறந்த கம்பியை, அதாவது எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாமல் அடித்த கம்பியை, நிறுத்த இடது கை விரல்களைக் கம்பிகள்மேல் லேசாகப் படரவிடு. ஆம்பிலிருந்து ஊம் என்று இரைச்சல் வந்தால் எர்த்தைப் பார்க்கச் சொல். கரண்ட் நொடிக்கு 50 சைக்கிள், உன் தடித்த கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தி அடித்தால் நொடிக்கு 49 அதிர்வு, ரெண்டும் சேர்ந்தால் உன் சுரம் எது, இரைச்சல் எது என்று பிரிக்கமுடியாது. விரல் நுனி கொப்பளித்தால் உடைக்காதே.

ஆடிப் பதினெட்டுக்கு லீவு கிடைக்குமா பார். ஒகேனக்கல் போக அம்மா ஆசைப்படுகிறாள். என் பேஸ் பரண்மேல்தான் இருக்கிறது, நேற்று இறக்கித் துடைத்தேன், கழுத்து வளையவில்லை. பாலக்கோட்டுப் பானையும் இருக்கிறது. அதில் அம்மா இந்த வருஷத்துப் புளியை அடைத்து வைத்திருக்கிறாள். நீ வருவதற்குள் வேறு ஜாடிக்கு மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா