கோப்பின் மேல் சிவப்பு மையில் எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் என் பெரியம்மா மகனுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் துணைக்கு இருந்தேன். கட்டில் காலில் தொங்கிய கோப்பின் அட்டையில் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்று எழுதியிருந்தார்கள். பக்கத்துக் கட்டில் அம்மா அதைப் படித்துவிட்டு, தன் சாப்பாட்டுக் கூடையை மெதுவாக அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

நாட்டிலேயே முதன்முதலாக 1986-இல் சென்னையில்தான் இந்தக் கிருமி கண்டறியப்பட்டது. அதைக் கண்டறிந்த குழுவை வழிநடத்திய டாக்டர் சுனிதி சாலமன் அன்றிலிருந்து கடைசிவரை நோயாளிகள் பக்கமே நின்றார். 2004 முதல் அரசு இந்தக் கிருமியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது, தவறாமல் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவில்கூடத் தொற்றுவதில்லை. பக்கத்தில் படுத்தால் எப்போதுமே தொற்றியதில்லை. சரி, சட்டம்? 2017-இல் இயற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி ஒருவரின் சம்மதமில்லாமல் அவர் நிலையை வெளியிடக் கூடாது, சிகிச்சையிலோ வேலையிலோ ஒதுக்கக் கூடாது. 20 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் மருத்துவமனையில் புகார் அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும். நான் மூன்று பேரிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த அலுவலரின் பெயரையும் இந்தச் சட்ட மீறல்களை விசாரிக்கும் மாநிலக் குறைதீர்ப்பாளரின் தொலைபேசி எண்ணையும் எல்லா மருத்துவமனை வாசலிலும் எழுதி வைக்கச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

– ஒரு வாசகி, விழுப்புரம்