கல்லாவுக்கு இந்தப் பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அக்கா மகளுக்குக் காதுகுத்து வைகாசியில் என்று முடிவாகியிருக்கிறது. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நீ. அன்றைக்கு எந்த நிலையில் வந்து சேர்வாய் என்பதுதான் கொஞ்ச நாளாக என் கவலையாக இருக்கிறது. தொலைபேசியில் பேசலாம் என்றால் இரவு எட்டு மணிக்கு மேல் நீ எடுப்பதில்லை. பகலில் எடுத்தால் அம்மா பக்கத்தில் இருக்கிறாள். ஆகவே கடிதம்.

பொங்கலுக்கு வந்திருந்தாயே, மாட்டுப் பொங்கலன்று காலையில் அம்மா கொடுத்த காபித் தம்ளரை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக் குடித்தாய். அப்படியும் காபி வேட்டியில் சிந்தியது. பனி அதிகம் என்று சொன்னாய். அம்மா நம்பி, பீரோவில் ஸ்வெட்டர் தேடப் போனாள். நான் நம்பவில்லை.

2003 நவம்பரில் அரசு சில்லறை மது விற்பனையைத் தானே எடுத்துக்கொண்டபோது, எம்.ஏ. தமிழ் முடித்து வேலையில்லாமல் இருந்த நான் டாஸ்மாக் கடை மேற்பார்வையாளராகச் சேர்ந்தது உனக்குத் தெரியும். கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் முகங்களைவிடக் கைகளைத்தான் அதிகம் பார்க்கிறான். பகல் பன்னிரண்டுக்கு ஷட்டரைத் தூக்கியதும் வலையின் சந்து வழியாக முதலில் நீளும் கைகள் நடுங்கும். சில்லறையை எண்ண முடியாமல் உள்ளங்கையோடு நீட்டி, "நீங்களே எடுத்துக்குங்க சார்" என்பார்கள். ஒரு கட்டிங் உள்ளே போன கால் மணி நேரத்தில் அதே கை நிதானமாகிவிடும். அதே ஆள் திரும்பி வந்து மீதி ஐந்து ரூபாய்க்குக் கணக்குக் கேட்பார். குடித்ததும் நடுக்கம் நிற்கிறது என்பதால் அதை மருந்து என்று அவர் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் மது இல்லாமல் நிற்க முடியாத இடத்துக்கு உடம்பு வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். உன் காபித் தம்ளரில் நான் கண்டதும் அந்த நடுக்கத்தைத்தான்.

வார இறுதியில் மட்டும், அலுவலக நண்பர்களோடு மட்டும், அதுவும் நல்ல சரக்கு மட்டும் என்று சொல்வாய். வார இறுதியில் மட்டும் குடிப்பவனுக்குப் புதன்கிழமை காலையில் கை நடுங்காது. நல்ல சரக்கு என்ற பேச்சையும் என்னிடம் எடுக்காதே. நம் நாட்டில் தயாராகும் பிராந்தி, ரம், விஸ்கி எதை எடுத்தாலும் பாட்டிலில் பெரும்பாலும் 42.8 விழுக்காடு என்றுதான் அச்சிட்டிருக்கும். விலை ஏற ஏற மணமும் அட்டைப்பெட்டியும் மாறுகின்றன, உள்ளே இருக்கும் சாராயத்தின் அளவு அவ்வளவாக மாறுவதில்லை. 180 மில்லி குவாட்டர் ஒன்றில் ஏறத்தாழ 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற, புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் மதுவையும் 1988இலேயே சேர்த்துவிட்டது. கல்லீரலில் முதலில் கொழுப்புப் படிகிறது. அந்தக் கட்டத்தில் விட்டுவிட்டால் பெரும்பாலும் மீண்டுவிடலாம். தழும்பேறி இறுகிப் போனபின் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. வயிற்றில் நீர் கோத்து, ரத்த வாந்தி எடுத்துக் கிடந்த சின்னத் தாத்தாவின் கடைசி நாட்களை உனக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை, அந்த வாளியைக் கழுவி வைத்தவனே நீதான். அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. முகம் சுளிக்காமல் செய்தாய் என்று பெரியத்தை இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறாள். அந்தப் பிள்ளையா இது என்று எனக்கு ஆறவில்லை.

விற்றவருக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். கேட்டால் என்னிடம் பதில் இல்லை. உன் பொறியியல் கட்டணமும் மாடி அறையும் அந்தச் சம்பளத்தில் வந்தவை. நம் சேலத்துக்காரரான சசிபெருமாள், குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றச் சொல்லிக் கைபேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிர்விட்ட 2015 ஜூலை 31 அன்றும் நான் கல்லாவில்தான் இருந்தேன்; வரிசையில் நின்ற சிலர் அந்தச் செய்தியைப் பேசிக்கொண்டே வாங்கிப் போனார்கள். 2023-24 நிதியாண்டில் மது விற்பனையால் அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். அந்தப் பணம் புறப்படும் இடம் எனக்குத் தெரியும். வாரக்கூலி கொடுக்கும் சனிக்கிழமை மாலைகளில் எதிரே உள்ள பெட்டிக்கடை ஓரம் பெண்கள் நிற்பார்கள். தாங்கள் வந்தால் அடி விழும் என்பதால் சீருடை மாற்றாத பிள்ளையை அனுப்புவார்கள். நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் அப்பன்காரன் ஏதாவது ஒரு தாளை அதன் கையில் திணிப்பான். எல்லாச் சனிக்கிழமையும் திணிப்பதில்லை.

ராஜாஜி 1937இல் மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்ததும் நம் சேலம் மாவட்டத்தில்தான். 1971இல் கடைகள் திறக்கும்வரை, சாராய நெடி அறியாமலே வளர்ந்து பிள்ளை பெற்றவர்கள் நம் ஊரில் உண்டு என்று தாத்தா சொல்வார். கள்ளச்சாராயம் அப்போதும் காய்ச்சினார்கள். கடைகள் திறந்திருக்கும்போதேகூட, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஆகவே கடையை மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்றோ, கடை இருப்பதால் கள்ளச்சாராயம் ஒழிந்துவிட்டது என்றோ யார் மேடையில் பேசினாலும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அது பெரிய வழக்கு. என் வழக்கு உன்னோடுதான்.

இதை மட்டும் கவனமாகப் படி. என் மேல் வந்த கோபத்திலோ வெட்கத்திலோ இன்றிரவே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, தனி அறையில் நிறுத்திக் காட்டுகிறேன் என்று இறங்கிவிடாதே. 2020 மார்ச் 24 மாலை பூட்டிய கடைகளை மே 7இல்தான் திறந்தோம். புதுக்கோட்டைப் பக்கம் ஷேவிங் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்துச் சிலர் மாண்டது அந்த இடைவெளியில்தான். நம் தெருவில் தறிக்கார வீட்டு அண்ணனுக்கு இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் இரவு, சுவரெல்லாம் பூரான் ஓடுகிறது என்று துடைப்பத்தால் அடித்துக்கொண்டே இருந்தார். நானும் அவர் தம்பியும் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனோம். முதலில் வைட்டமின் பி1 ஊசி போட்ட பிறகுதான் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மது மூளையின் ஓட்டத்தை மட்டுப்படுத்துவதால், நாள்தோறும் குடிப்பவரின் மூளை அதை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது என்றும், மதுவைத் திடீரென்று எடுத்துவிட்டால் அந்தக் கூட்டிய வேகம் மட்டும் மிஞ்சி வலிப்பிலும் பிதற்றலிலும் கொண்டுபோய் விடுகிறது என்றும், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம் என்றும் அங்கிருந்த இளம் மருத்துவர் விளக்கினார். நிறுத்து, ஆனால் மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்து.

அக்காவுக்கும் சந்தேகம் தட்டியிருக்கிறது. குடியை மறக்கடிக்கும் மாத்திரையைத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கலாமாம், அவள் மாமியார் வீட்டுப் பக்கம் யாரோ செய்தார்களாம். திட்டி அனுப்பினேன். டைசல்ஃபிராம் என்கிற அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி கண்டு, ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போய்விடக்கூடும். மருத்துவர் சொல்லி, குடிப்பவர் அறிந்து ஒப்பி எடுத்துக்கொள்ள வேண்டிய மாத்திரை அது. உனக்குத் தெரியாமல் உன் தட்டில் எதையும் போட விடமாட்டேன்.

சென்னை இந்திரா நகரில் குடிநோய்க்குச் சிகிச்சை தரும் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. பெரிய தொழிலதிபர்களான டி.டி.கே. குடும்பத்து மருமகளான சாந்தி ரங்கநாதன், தம் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பின் 1980இல் தொடங்கிய அறக்கட்டளை நடத்துவது. இது ஏழை வீட்டில் மட்டும் வரும் கேடு என்றோ, படித்தவனுக்குக் கட்டுப்பாடு இருக்கும் என்றோ நினைத்துக்கொண்டிருந்தால் அந்த ஒரு வரலாறு போதும். அங்கே வேண்டாம் என்றால் வேறு இடம் பார்ப்போம்; 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டாலும் சொல்வார்கள். நம் வகையறாவில் முதல் பொறியாளன் நீ. ஊரில் யார் கேட்டாலும் உன் பெயரைச் சொல்லித்தான் என்னை அடையாளம் காட்டுகிறார்கள். அந்தப் பெயர் கெட்டுவிடும் என்று பயந்து மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதே. பெயர் போனால் போகட்டும்.

ஞாயிறு இரவுப் பேருந்தில் வருகிறேன். திங்களும் செவ்வாயும் விடுப்புச் சொல்லி வை. தங்கிச் சிகிச்சை பெற வேண்டுமென்றால் மேலும் விடுப்பு வேண்டியிருக்கும். அதை அங்கே கேட்டுக்கொண்டு முடிவு செய்யலாம். அம்மாவிடம் என் கண்ணைக் காட்டச் சென்னைக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீ வேறு எதையாவது உளறி வைக்காதே. நான் வருவதற்குள் தனியாக நிறுத்தாதே, அதிகமாகவும் குடிக்காதே.

அன்புடன்,
அப்பா