தரிசு என்று எழுதிவிட்டால் ஆயிற்றா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீவுக் கடற்கரைகளில் நிலப்பயன்பாட்டுத் திட்டங்கள் சூழல் அபாயத்தை எப்படிக் கூட்டுகின்றன என்று உங்கள் இதழில் வந்த கட்டுரை நன்று. ஆனால் அபாய வரைபடத்தில் சிவப்பும் பச்சையும் எப்படி வந்து உட்காருகின்றன என்பதை அது தொடவில்லை. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. கடலே இல்லாத தருமபுரி, கிருஷ்ணகிரிக்கும் அதே கோளாறு உண்டு என்பதால் இந்தக் கடிதம்.

இத்தகைய ஆய்வுகளில் பரவலாகப் புழங்கும் முறை இது. செயற்கைக்கோள் படத்தை விளைநிலம், காடு, புல்வெளி, நீர்ப்பரப்பு, கட்டடம், பயன்படாத நிலம் என ஆறு வகையாகப் பிரிப்பார்கள். பிறகு பரப்பு முழுவதையும் சதுரக் கட்டங்களாக வெட்டுவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நிலம் எவ்வளவு துண்டுபட்டிருக்கிறது, துண்டுகள் எவ்வளவு விலகி நிற்கின்றன, எந்த வகை மேலோங்கியிருக்கிறது என்று பார்த்து, பெரும்பாலும் 0.5, 0.3, 0.2 என எடை கொடுத்துக் கூட்டுவார்கள். அதோடு ஒவ்வொரு வகைக்கும் ஒரு நொய்மை மதிப்பெண், அதாவது எவ்வளவு எளிதில் குலையும் என்பதற்கான எண், சேரும். பயன்படாத நிலத்துக்கு 6, நீருக்கு 5, விளைநிலத்துக்கு 4, புல்வெளிக்கு 3, காட்டுக்கு 2, கட்டடத்துக்கு 1.

கடைசி எண்ணை இன்னொரு முறை பாருங்கள். ஏரியைத் தூர்த்து வீடு கட்டினால் நொய்மை 5-லிருந்து 1-க்கு இறங்கிவிடும். பாதி ஏரி வீடாகும்போது துண்டுபடுதல் கூடுவதால் வரைபடம் கொஞ்சம் சிவக்கும். முழு ஏரியும் வீடாகிவிட்டால் துண்டே இல்லை, ஒரே வகை நிலம், கட்டம் பச்சையாகிவிடும். ஏரியை ஒழித்ததற்குக் கணக்கு கொடுக்கும் பரிசு இது! கட்டடம் எளிதில் மாறாது என்ற பொருளில் கொடுத்த மதிப்பெண்ணை, ஆபத்து இல்லை என்ற பொருளில் திட்டக்காரர்கள் படித்துவிடுகிறார்கள்.

‘பயன்படாத நிலம்’ என்ற வகை இன்னும் மோசம். தீவோரச் சேற்றுப் படுகையை ஓதம் (கடல்நீர் ஏற்றம்) ஏறிய நேரத்தில் படம் பிடித்தால் அது நீர். வற்றிய நேரத்தில் பிடித்தால் தரிசு. அலையாத்திச் செடி வேர்விடுவதும் நண்டும் மீன்குஞ்சும் வளர்வதும் அந்தப் படுகையில்தான். எங்கள் ஏரிகளுக்கும் இதே கதிதான். தை மாதத்துப் படத்தில் நீர்ப்பரப்பாக இருப்பது சித்திரை, வைகாசியில் வெட்டவெளி. மாந்தோப்பைக் காடென்று காட்டும் படங்களும் உண்டு. கிருஷ்ணகிரிப் பக்கம் காடு பெருகிவிட்டது என்று யாராவது மகிழ்ந்தால், அது மாங்கன்று நட்டவர்கள் செய்த புண்ணியமாக இருக்கும்.

படம் மேற்பரப்பை மட்டுமே பார்க்கிறது. ஆபத்தோ பெரும்பாலும் அடியிலிருந்து வருகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. அவற்றைச் சுற்றி அலையைத் தாங்கிய பவளப்பாறைகளை ஆண்டுக்கணக்கில் வெட்டி எடுத்தது முக்கியக் காரணம். தீவின் நிலப்பரப்பை மட்டும் கட்டம் கட்டி அளந்தால் இது தெரியவே தெரியாது.

குடிநீரிலும் அப்படித்தான். மணற்பாங்கான தீவில் மழைநீர் உப்புநீரின் மேல் மெல்லிய வில்லைபோல் மிதக்கிறது. நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு 1 மீட்டர் மேலே நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் அடிப்படைக் கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கும். மேலே அரை மீட்டர் இறங்கினாலே, நாளடைவில் கீழிருந்து உப்பு 20 மீட்டர் ஏறிவிடும். அதனால்தான் அங்கே ஆழமில்லாத ஊற்றுக்கிணறு பிழைக்கிறது, ஆழ்துளைக் கிணறு கெடுக்கிறது. மணல்மேட்டைத் தரிசு என்று எழுதி, சிமென்ட் தளம் போட்டு விடுதி கட்டினால், மழை உள்ளே இறங்கும் வழியும் அடைபட்டு, உறிஞ்சும் மோட்டாரும் கூடிவிடுகிறது.

தருமபுரியில் உப்புக்குப் பதில் புளோரைடு. இங்கே அடியில் இருப்பது கருங்கல்லும், பட்டை பட்டையாக அடுக்கோடிய பட்டைப் பாறையும். அதன் வெடிப்புகளில் தண்ணீர் எவ்வளவு நாள் தேங்குகிறதோ அவ்வளவுக்குப் பாறையிலுள்ள புளோரைடு கரையும். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைந்திருந்தால் இன்னும் அதிகம் கரையும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குழந்தைகளின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை ஏறும். அதைவிட அதிகமுள்ள தண்ணீரைப் பல ஆண்டு குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காக வந்ததுதான். காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது, நல்லது. ஆனால் போர்வெல்லைப் பாதுகாப்பது ஏரியிலிருந்தும் கரட்டு அடிவாரத்திலிருந்தும் இறங்கும் புது மழைநீர். அந்த அடிவாரத்துக்கு அ-பதிவேட்டில் (சர்வே எண்வாரியாக நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) என்ன பெயர் என்று தாலுகா அலுவலகத்தில் பார்க்கலாம்: தீர்வை ஏற்படாத தரிசு, கல்லாங்குத்து, மேய்க்கால் புறம்போக்கு. மனைப்பிரிவுக்கோ தொழிற்பேட்டைக்கோ குப்பைக் கிடங்குக்கோ இடம் தேடினால் முதலில் கைவைப்பது இவற்றில்தான். யார் பயிரும் போகாது, யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயின் கதை தனி. ஓசூர்ப் பக்கம் ராஜகால்வாய் என்பார்கள். 3 மீட்டர் அகலக் கால்வாய், 30 மீட்டர் புள்ளி அளவுள்ள செயற்கைக்கோள் படத்தில் தெரியாது. அங்கே ஒரு புள்ளியே 900 சதுர மீட்டர். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உள்ள அளவை வரைபடமான புலப்படத்தில் மட்டும் இரட்டைக் கோடாக இருக்கும். மனை போடுபவர் கால்வாயை அழிப்பதில்லை. ‘குழாய் பதித்துவிட்டோம்’ என்கிறார். 3 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் என்றால் வெட்டுப்பரப்பு 3 சதுர மீட்டர். 600 மில்லிமீட்டர் குழாயின் வெட்டுப்பரப்பு 0.28 சதுர மீட்டர். பத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதிலும் ஒரு பிளாஸ்டிக் சாக்கு சிக்கினால் தீர்ந்தது. அதே நேரத்தில் வரும் தண்ணீரோ கூடுகிறது. ஒரு ஹெக்டேரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 கன மீட்டர். புதர்க்காட்டில் அதில் மூன்றில் ஒரு பங்கு ஓடிவருகிறது என்று வைத்தால், தளம் போட்ட மனையிலிருந்து 400-க்கு மேல் வரும். வழி பத்தில் ஒன்று, வரவு இரண்டரை மடங்கு. மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர், ஏரியிலோ கோடி போகும் (நிரம்பி வழியும்) அளவுக்குத் தண்ணீர் சேராது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அவ்வளவு மழையை எந்தத் திட்டமும் முழுதாகத் தாங்காது. அதற்கு மனைப்பிரிவுகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் இங்கே தங்காத தண்ணீர் பாம்பாற்றில் இறங்கித் தென்பெண்ணையில் சேர்ந்து சாத்தனூருக்குத்தான் போகிறது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். ஆறு கடலைத் தொடும் கடலூர் வரை அடி வாங்கியது. எனவே கடலோரத்து அபாய வரைபடம் கடற்கரையில் தொடங்கினால் போதாது.

ஊருக்கான முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) வரைபவர்கள் செய்யக்கூடியது ஒன்றும் பெரிய வேலையில்லை. தை, வைகாசி என இரு பருவத்துப் படம் எடுக்கட்டும். தீவென்றால் ஓதம் ஏறியபோது ஒன்று, வற்றியபோது ஒன்று. அதன்மேல் அ-பதிவேட்டின் நீர்நிலைப் புறம்போக்கு எண்களையும், புலப்படத்திலுள்ள கால்வாய், ஓடைகளையும் ஏற்றட்டும். ஒரு படத்துக்கும் மற்றொரு படத்துக்கும் இடையே நிறம் மாறும் இடம் எதுவோ, அதைத் தரிசுக் கணக்கிலிருந்து எடுத்துத் தனி வகையாக்கட்டும். கட்டடத்துக்கு 1 என்ற மதிப்பெண்ணை அப்படியே போடாமல், அந்த இடம் முன்பு என்னவாக இருந்தது என்று பார்த்துப் போடட்டும்.

மனை வாங்கப் போகிறவர்கள் தங்கள் சர்வே எண்ணின் புலப்படத்தோடு நிறுத்தாமல், மேட்டுப் பக்கமும் பள்ளத்துப் பக்கமும் உள்ள அடுத்த எண்களின் படங்களையும் வாங்கிப் பாருங்கள். மேலே இரட்டைக் கோடு இருக்கிறது, கீழே இரட்டைக் கோடு இருக்கிறது, நடுவில் உங்கள் எண்ணில் மட்டும் காணோம் என்றால், உங்கள் மனை வழியாகத்தான் தண்ணீர் வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தருமபுரி.